மலைத் தொழில்களுக்கு வங்கிக் கடன்: அறிமுகம் எவ்வளவு தூரம் உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் பேக்கரி, மளிகைக் கடை, தேயிலைக் கொழுந்து வியாபாரம், தங்கும் விடுதி, தையல் கூடம் என்று சிறிய அளவில் தொழில் நடத்துவோர் வங்கிக் கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "அந்தக் கிளையில் யாரையாவது தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் அனுபவம் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்காக இந்தக் கேள்வி பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன.

சமூக வலைப்பின்னல் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்? வாட்ஸ்அப் குழுக்களையா?

இல்லை. ஒரு தொழில் செய்பவரை அறிந்தவர்கள், அவரிடம் சரக்கு வாங்குபவர்கள், அவருக்குச் சரக்கு கொடுப்பவர்கள், உறவினர், ஊரார், சங்கத்தார், மகளிர் குழுவினர் ஆகிய அனைவரோடும் அவருக்குள்ள பிணைப்புகளின் தொகுப்பையே பொருளியலாளர்கள் இந்தப் பெயரால் குறிக்கிறார்கள். கைபேசி வழியாக நடக்கும் பழக்கம் அதில் ஒரு சிறு பகுதி. அதைப் பற்றிப் பின்னால் தனியே ஒரு கேள்வி இருக்கிறது.

வங்கி கணக்கு வழக்கைப் பார்த்துத்தானே கடன் தருகிறது? அறிமுகத்துக்கு அங்கே என்ன வேலை?

கணக்கு வழக்கு தெளிவாக இருக்கும் இடத்தில் அறிமுகத்துக்கு அதிக வேலை இல்லை என்பது உண்மைதான். பெரிய நிறுவனத்திடம் தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பு, பல ஆண்டு வரிக் கணக்கு, அடமானம் வைக்கச் சொத்து எல்லாம் இருக்கும். குன்னூரில் வர்க்கி சுட்டு விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய அடுப்பு ஒருநாளும் அணைவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். எந்தக் கடைக்கு எத்தனை கிலோ போகிறது என்பது சரக்கு ஏற்றும் ஜீப் ஓட்டுநருக்குத் தெரியும். மைதா வாங்கிய கடனை அவர் எந்தக் கிழமையில் தீர்ப்பார் என்பது மொத்த வியாபாரிக்குத் தெரியும். சமவெளியிலிருந்து மாறுதலாகி வந்து நான்கு மாதமே ஆன மேலாளருக்கு மட்டும் இதில் எதுவும் தெரியாது.

கடன் கேட்பவருக்குத் தன்னைப் பற்றித் தெரிந்த அளவு கடன் கொடுப்பவருக்குத் தெரியாது என்ற இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் ஜார்ஜ் அகர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். 2001-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. "ஆபத்து அதிகம் என்றால் வட்டியைக் கூட்டிக் கொடுத்துவிடலாமே" என்று கேட்கத் தோன்றும். 1981-ல் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் இதற்குத்தான் விடை சொன்னார்கள். வட்டியைக் கூட்டக் கூட, நிதானமாகத் தொழில் செய்பவர் விலகிக்கொள்வார். எப்படியும் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாதவரும் கண்மூடித்தனமாக இறங்குபவரும்தான் வரிசையில் மிஞ்சுவார்கள். ஆகவே வங்கி வட்டியை ஓர் அளவுக்கு மேல் ஏற்றாமல், தனக்குப் புரியாத ஆட்களுக்குக் கடனையே மறுத்துவிடுகிறது. மறுக்கப்பட்டவர்களில் நல்ல ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது வங்கிக்கும் தெரியும். அவர்களை அடையாளம் காண வழி தெரியாததுதான் சிக்கல்.

செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கும் ஐந்து லட்சம் ரூபாய்க் கடனுக்கும் விசாரிக்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே. ஊட்டியிலிருந்து எடக்காட்டுக்குப் போய்க் கடையைப் பார்த்து வருவதற்கு அரை நாள் போய்விடும். வங்கி நம்பும் யாரோ ஒருவர் "இவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும், கணக்கு சுத்தமானவர்" என்று சொன்னால் அந்த அரை நாளில் பெரும்பகுதி மிச்சமாகிறது. ஆக, அறிமுகத்தைச் சலுகை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் அது, வங்கி தன் செலவில் திரட்டியிருக்க வேண்டிய தகவலை இன்னொருவர் இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பதுதான்.

எல்லா ஊரிலும் இதே கதைதானே? மலையில் தனியாக என்ன இருக்கிறது?

முதலாவது, பட்டா. வங்கிக்கு ஆளைத் தெரியாவிட்டாலும் நிலத்தைத் தெரிந்தால் போதும். சமவெளியில் பல கடன்கள் இப்படித்தான் நடக்கின்றன. மலையில் அந்த நிலமே சிக்கலானது. கூடலூர், பந்தலூர் பகுதியில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையில் இருந்த நிலங்களில் அந்த உரிமையை ஒழித்து, பயிரிடுபவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1969-ல் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் வழக்குகளில் முடங்கிப்போனதால், தலைமுறையாகப் பயிர் செய்யும் குடும்பங்கள் பல இன்றும் பட்டா இல்லாமல் இருக்கின்றன. "செக்‌ஷன் 17 நிலம்" என்ற சொல் காதில் விழுந்ததுமே அடமானப் பேச்சு முடிந்துவிடும்.

கோத்தகிரி, குந்தாப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வேறு விதமான சிக்கல். தேயிலைத் தோட்டம் கண்முன்னே இருக்கும். ஆனால் பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அல்லது பங்காளிகள் எல்லோருடைய பெயரும் உள்ள கூட்டுப் பட்டாவாக இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய ஆறு பேரில் ஒருவர் பெங்களூரில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையில் இருக்க மாட்டார். பழங்குடியினருக்குக் கிடைத்த நிபந்தனைப் பட்டாவை எளிதில் விற்க முடியாது என்பதால் அதை ஈடாக ஏற்க வங்கி தயங்கும். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டுக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்களில் பலவற்றுக்குக் குடியிருப்பைத் தவிர நிலம் என்று எதுவும் இல்லை.

இரண்டாவது, வருமானம் வரும் விதம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டு, ஜூலை மழையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. மாதத் தவணை அப்படி நடந்துகொள்வதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்த மேலாளர் தவணையைச் சீசனுக்கு ஏற்ப அமைத்துத் தருவார். அறியாதவர் வங்கிக் கணக்கில் மூன்று மாதம் வரவு குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

மூன்றாவது, மேலாளர்களின் மாறுதல். பொதுவாக மூன்றாண்டுக்குள் அவர்கள் மாறிவிடுவார்கள். கிளைக்கு ஊரைப் பற்றி இருந்த அறிவில் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் லாரியில் ஏறிக் கீழே இறங்கிவிடுகிறது.

ஆராய்ச்சிகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

ஒரே குரலில் பேசவில்லை. பாகிஸ்தானில் 90,000-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் கடன் கணக்குகளை அசிம் குவாஜாவும் ஆதிஃப் மியானும் ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. தேர்தலில் நின்ற அரசியல்வாதி ஒருவரை இயக்குநராகக் கொண்ட நிறுவனங்கள் மற்றவற்றைவிட 45 விழுக்காடு அதிகமாகக் கடன் பெற்றன. அவற்றின் வாராக்கடன் விகிதமோ 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்தச் சலுகை அரசு வங்கிகளில் மட்டுமே காணப்பட்டது. இங்கே அறிமுகம் தகவலாக வேலை செய்யவில்லை, அழுத்தமாக வேலை செய்திருக்கிறது.

ரேமண்ட் ஃபிஸ்மன், டேனியல் பரவிசினி, விக்ராந்த் விக் ஆகியோர் இந்திய வங்கி ஒன்றில் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அதிகாரிகள் முறை வைத்து மாற்றப்படுவதால், கடன் கேட்பவரின் மதத்தையோ சாதியையோ சேர்ந்த அதிகாரி வருவதும் போவதும் தற்செயலாக நடக்கிறது. அந்தத் தற்செயலைப் பயன்படுத்தி அவர்கள் ஒப்பிட்டார்கள். தன்னைச் சேர்ந்த அதிகாரி இருந்தபோது கடன் எளிதாகக் கிடைத்தது, ஈடு குறைவாகக் கேட்கப்பட்டது, திருப்பிச் செலுத்துவதும் மேம்பட்டது. அந்த அதிகாரி போன பிறகும் அந்த ஒழுங்கு நீடித்தது. வேண்டியவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள் என்பதைவிட, மொழியும் பழக்கமும் தெரிந்ததால் ஆளைச் சரியாக எடைபோட முடிந்தது என்ற விளக்கமே இந்த முடிவோடு நன்றாகப் பொருந்துகிறது. அதே வேளையில், தன்னைச் சேர்ந்த அதிகாரி ஒருபோதும் வந்து உட்காராத சமூகங்கள் உண்டு என்பதையும் மறந்துவிட்டு இந்த ஆய்வைப் படிக்கக் கூடாது. நம் மலையின் பழங்குடிகளுக்கு அந்தத் தற்செயல் எத்தனை முறை வாய்க்கும்?

மலையடிவாரத்துக்குக் கிட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் எழுதியது இது: உள்ளூரில் வேரூன்றிய கவுண்டர் சமூகத்தாருக்குச் சொந்தக்காரர் வட்டத்திலிருந்து மூலதனம் தாராளமாகக் கிடைத்தது; வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டுடன் தொடங்கியும் ஏற்றுமதியில் வேகமாக வளர்ந்தார்கள். அப்படியானால் பணம் திறமை இருந்த இடத்துக்குப் போகவில்லை, உறவு இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. உறவு வட்டத்தைப் புகழ்வோர் திருப்பூரை எடுத்துக்காட்டும்போது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நெருங்கிய உறவினர் உதவுவாரா, அரைகுறை அறிமுகம் உள்ளவர் உதவுவாரா?

மருத்துவச் செலவுக்கும் திடீர்க் கைமாற்றுக்கும் நெருங்கியவர்தான். வங்கிக் கடனுக்கு, எங்கோ எப்போதோ பார்த்துப் பேசும் ஆள் அதிகம் உதவுகிறார் என்பதே என் கணிப்பு. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதன் காரணத்தை விளக்கியிருக்கிறார்: நம் நெருங்கிய வட்டத்தில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரியும், புதிய செய்தி அந்த வட்டத்துக்கு வெளியே கால் வைத்திருப்பவர் மூலமாகத்தான் வரும். ஒரே ஹட்டியில், ஒரே இலை ஏஜெண்டிடம் கொழுந்து போடும் அண்ணன் தம்பிகள் எட்டுப் பேரிடம் கேட்டாலும் சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ராவில் கடன் வாங்க என்ன காகிதம் வேண்டும் என்பது தெரியாமல் போகலாம். கோத்தகிரியில் ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கும், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கருக்கும், போன வருடம் இயந்திரம் வாங்கிய பக்கத்து ஊர்க்காரருக்கும் அது தெரியும்.

ஏஜெண்டும் மண்டிக்காரரும் கேட்டவுடன் முன்பணம் தருகிறார்கள். அதை விட்டுவிட்டு வங்கிக்கு ஏன் அலைய வேண்டும்?

இந்தக் கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிகள் கேரட், உருளைக்கிழங்கு விதைக்கும் காலத்தில் மலை விவசாயிக்கு முன்பணம் தருகின்றன. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துப் பூண்டு விவசாயிக்கு வடுகபட்டிக் கமிஷன் கடை உண்டு. காகிதம் இல்லை, காத்திருப்பு இல்லை, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள். மண்டிக்காரர் இப்படித் தர முடிவதற்குக் காரணம், விளைச்சல் தன் கடைக்குத்தான் வரும் என்ற உறுதி. சரக்கே ஈடு. வங்கிக்கு எட்டாத தகவலும் பிடியும் அவரிடம் இருக்கின்றன.

இதற்குக் கொடுக்கும் விலை வட்டி என்ற பெயரில் வருவதில்லை. முன்பணம் வாங்கியவர் வேறு மண்டியில் விலை கூடுதலாக இருந்தாலும் அங்கே போக முடியாது. எடையிலும் தரம் பிரிப்பதிலும் வாய் திறந்து பேச முடியாது. கொழுந்திலும் இதே நிலைதான். அதைவிட ஆழமான இழப்பு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏஜெண்ட் தன் பெயரிலேயே தொழிற்சாலையில் இலையைப் போட்டுவிட்டு விவசாயிக்கு ரொக்கமாகக் கொடுத்தால், ஆண்டு முழுவதும் பாடுபட்டவரின் வருமானம் ஏஜெண்டின் வங்கிக் கணக்கில்தான் பதிவாகிறது. பத்து ஆண்டு கழித்து அந்த விவசாயி வங்கிக்குப் போகும்போது, காகிதத்தின்படி அவர் எதையும் விற்றதே இல்லை.

ஏஜெண்டைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இலைப் பணத்தில் ஒரு பகுதியையாவது கணக்கில் போடச் சொல்லுங்கள்; மண்டியில் தேதியும் எடையும் விலையும் உள்ள பில்லை உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராக இருப்பவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பாக 1965 முதல் இயங்கும் இண்ட்கோசர்வைச் சேர்ந்த தொழிற்சாலைகளில் யார் எவ்வளவு இலை போட்டார் என்பது உறுப்பினர் பெயரிலேயே பதிவாகிறது. விலை சில காலம் தனியாரைவிடக் குறைந்திருக்கலாம். கடன் என்று வரும்போது அந்தப் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு.

மகளிர் குழு மூலம் வாங்கும் கடன் தொழிலுக்குப் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989-ல், தருமபுரியில் மகளிர் குழுக்கள் அரசின் முயற்சியில் தொடங்கிவிட்டன. வங்கதேசத்தில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கி 1983-ல் கிராமீன் வங்கியாக வளர்ந்த முயற்சியும் இதன் உறவுதான். ஈடாக வைக்கச் சொத்து இல்லாத இடத்தில், ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே ஈடாகிறது என்பது இவற்றின் அடிப்படை.

எது வேலை செய்கிறது என்பதில்தான் கருத்து மாறியிருக்கிறது. "ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்" என்ற பயம்தான் குழுவின் பலம் என்று நீண்ட காலம் எண்ணினார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி அந்தக் கூட்டுப் பொறுப்பை நீக்கித் தனிப்பொறுப்பாக மாற்றியபோது, சேவியர் ஜினேயும் டீன் கார்லனும் செய்த ஆய்வில் தவணை தவறுவது கூடவில்லை. கொல்கத்தாவில் நடந்த இன்னொரு ஆய்வில், மாதம் ஒருமுறை கூடிய குழுக்களைவிட வாரம் ஒருமுறை கூடிய குழுக்களின் பெண்கள் அடுத்த கடனைத் தவறாமல் கட்டினார்கள்; கூட்டத்துக்கு வெளியிலும் அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வரத் தொடங்கியிருந்தார்கள். பயத்தைவிடப் பழக்கம் அதிக வேலை செய்திருக்கிறது. நம் குழுக்களில் வாரக் கூட்டத்தை நடத்தாமலே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கம் இருக்கும் இடங்களில் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.

குழுக் கடனின் எல்லையும் தெளிவானது. மூன்று லட்ச ரூபாய் மதிப்புள்ள சாக்லேட் குளிர்விக்கும் இயந்திரம் வாங்க வேண்டிய ஒருவருக்காக, ஆட்டுக்குட்டி வாங்கும் பதினோரு பேர் பொறுப்பேற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அந்தக் கட்டத்தில் குழுவில் ஒழுங்காகக் கட்டிய பதிவை எடுத்துக்கொண்டு தனிக் கடனுக்கு நகர வேண்டும். தன் பங்கு எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதைக் குழுவின் கணக்கிலிருந்து நகலெடுத்து விண்ணப்பத்தோடு இணைப்பவர்கள் மிகச் சிலரே.

ஜாமீன் கையெழுத்து போடச் சொல்லி உறவினர் கேட்கிறார். போடலாமா?

அவருடைய கடனை நீங்களே கட்ட முடியும், கட்டவும் மனம் உண்டு என்றால் மட்டும் போடுங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவானவை. வங்கி முதலில் கடனாளியிடம் முழுமையாகப் போராடித் தோற்றுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடன் வரலாற்றைக் காட்டும் உங்கள் சிபில் அறிக்கையிலும் அது தெரியும். நாளை உங்களுக்கே கடன் வேண்டுமானால் குறுக்கே நிற்கும்.

மேலும், பல சிறு கடன்களுக்கு ஜாமீனே தேவையில்லை. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே விதித்தது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு, 2000-ல் அமைக்கப்பட்ட கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை மூலம் வங்கி உத்தரவாதம் பெற்றுக்கொள்ளலாம். அதற்கான கட்டணம் உண்டு. கிளையில் இவற்றைத் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். "ஈடு இல்லாத கடனாகவே, உத்தரவாத நிதியின் கீழ் பரிசீலியுங்கள்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.

எனக்கு யாரையும் தெரியாது. நான் என்ன செய்வது?

வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவர், தோட்ட வேலையை விட்டுத் தையல் இயந்திரம் வாங்கியவர், குடும்பத்தில் முதன்முதலாக வங்கிப் படி ஏறுபவர் ஆகியோரின் கேள்வி இது. மற்றவர் வாயால் வர வேண்டிய சாட்சியைக் காகிதத்தின் வாயால் வரவழைப்பதுதான் வழி.

சிறு தொழில்களை அரசிடம் பதிவு செய்யும் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். கடையில் க்யூஆர் அட்டை வைத்து, வரும் பணம் எல்லாம் ஒரே கணக்கில் விழும்படி பார்த்துக்கொண்டால், ஆறு மாதத்தில் அந்தக் கணக்கு உங்களுக்காகப் பேசத் தொடங்கும். ரொக்கமாக வருவதையும் வாரம் ஒருமுறை அதே கணக்கில் போடுங்கள். மின்கட்டண ரசீது, கடை வாடகை ஒப்பந்தம், சரக்கு வாங்கிய பில்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். இதற்கு முன் கடனே வாங்காதவருக்கு சிபில் மதிப்பெண் இருக்காது, அது குறையன்று. 300 முதல் 900 வரையிலான அந்த அளவுகோலில் குறைந்த மதிப்பெண் வாங்கியிருப்பதும் மதிப்பெண்ணே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு என்பதை விண்ணப்பிக்கும்போது தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

எந்தக் கடன் என்பதையும் பார்க்க வேண்டும். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. முந்தைய தருண் கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை ஒரு பிரிவு உண்டு. ஐந்து லட்சம் கேட்டு மறுக்கப்படுவதைவிட, சிசுவில் ஐம்பதாயிரம் வாங்கி ஒழுங்காகக் கட்டிவிட்டு அடுத்த ஆண்டு போவது வேகமான வழியாக முடிவதுண்டு. சாலையோர வியாபாரிகளுக்கு 2020-ல் வந்த ஸ்வநிதி திட்டமும் இதே படிக்கட்டு முறையில்தான் அமைந்திருக்கிறது.

நேரில் அறிமுகம் வேண்டுமானால் அதற்கும் பொது வழிகள் உண்டு. ஊட்டியிலும் திண்டுக்கல்லிலும் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் திட்ட அறிக்கை தயாரிக்கவும் மானியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் உதவுவார்கள். அங்கிருந்து பரிந்துரையோடு வரும் விண்ணப்பத்தை வங்கி காரணம் சொல்லாமல் ஒதுக்க முடியாது. மாவட்டத்தின் வங்கிக் கடன் பணிகளை ஒருங்கிணைக்க, 1969-ல் வந்த திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு முன்னோடி வங்கி உண்டு. அதன் மாவட்ட மேலாளரைப் பார்ப்பதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். இலங்கை போன்ற நாடுகளிலிருந்து தாயகம் திரும்பியோருக்காக 1969-ல் உருவாக்கப்பட்ட ரெப்கோ வங்கியை இன்னும் ஏறிப் பார்க்காத அவர்களின் வாரிசுகள் உண்டு.

கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் இரண்டு விழுக்காடு கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். திட்ட அறிக்கை எழுதித் தரும் கணக்காளருக்கு உரிய கூலி கொடுப்பது வேறு. கிடைக்கும் கடனில் பங்கு கேட்பவர் விற்பது தன்னிடம் இல்லாத செல்வாக்கை.

கைபேசிச் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலைப் பார்த்துக் கடன் தருகின்றனவே, அதுவும் வலைப்பின்னல்தானே?

ஆம், அதன் மிக மோசமான வடிவம். சில செயலிகள் தொடர்பு எண்களை எடுத்துவைத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவினர், வாடிக்கையாளர் என அனைவரையும் அழைத்து அவமானப்படுத்தின. அவற்றுக்கு வலைப்பின்னல் தகவலாகப் பயன்படவில்லை, மிரட்டும் கருவியாகப் பயன்பட்டது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மின்னணுக் கடன் நெறிமுறைகள், தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் செயலிகள் எடுக்கக் கூடாது என்று தடை செய்துவிட்டன. நிறுவும்போதே தொடர்புகளைக் காட்டச் சொல்லும் கடன் செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள்.

வங்கிக் கடன் வந்துவிட்டால் பழைய உறவுகள் தேவைப்படாதா?

கர்நாடகத்தில் 75 கிராமங்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நுண்கடன் நிறுவனம் நுழைந்த 43 கிராமங்களில், நுழையாத கிராமங்களோடு ஒப்பிட, மக்களுக்கிடையே கைமாற்றும் ஆலோசனையும் கேட்டுக்கொள்ளும் உறவுகள் குறைந்திருந்தன. கடன் வாங்கியவர்கள் மட்டுமல்லாமல், அந்தக் கடனை வாங்க வாய்ப்பே இல்லாதவர்களும் உறவுகளை இழந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வங்கி கிடைத்துவிட்டதால், அவரிடம் சர்க்கரையும் பணமும் மாற்றிக்கொண்டிருந்த மூன்றாவது வீட்டுக்காரர் தனியானார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மலையில் நிலச்சரிவு வந்தால் சாலை இரண்டு நாள் அடைபடும். அந்த இரண்டு நாளில் எந்தத் தவணை முறையும் உதவிக்கு வராது. ஆகவே வங்கிக்குப் போகத் தொடங்கிய பிறகும் ஊர்ச் சீட்டை விட்டுவிடாமல் சிறிய தொகையிலாவது தொடர்பவர்களை நான் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். பதிவு செய்யாத சீட்டில் பெரிய தொகை போடுவது மட்டும் வேறு விஷயம். அதற்கு 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது.

விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. இனி?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளின்படி அது உங்கள் உரிமை. "மேலாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று வெளியே சொல்லப்படும் மறுப்புகளில் பாதி, எழுத்தில் பார்க்கும்போது "வில்லங்கச் சான்று இணைக்கப்படவில்லை" என்றோ "விற்பனைத் தொகைக்கு ஆதாரம் போதாது" என்றோ இருக்கும். முதல் வகைக் குறையை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு ஆறு மாதக் கணக்கு வேண்டும்.

பதிலே வராவிட்டால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அவர் தாமதத்தையும் முறைகேட்டையும் விசாரிப்பார். கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வணிக முடிவில் அவர் தலையிட முடியாது என்பதால், அதே கோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலுள்ள வேறு வங்கிக்கோ, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கோ போவது பெரும்பாலும் சீக்கிரம் பலன் தரும். இந்த முறை கணக்காளரையோ, உங்களிடம் தொடர்ந்து சரக்கு வாங்கும் கடைக்காரரையோ உடன் அழைத்துப் போங்கள். அவரிடம் சிபாரிசு எதுவும் கேட்க வேண்டாம், மேலாளர் கேட்டால் மாதம் எவ்வளவு வாங்குகிறார் என்று பில்லைக் காட்டிச் சொன்னால் போதும்.